பாறசாலை மண்சரிவும் பாராளுமன்ற விவாதமும்

2021 நவம்பர் 13, சனிக்கிழமை. காலையில் காஞ்சிரங்குளத்திலிருந்து என் மாமன் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அத்தான், பாறசாலையில பாளத்துக்கு மேல மண்ணு இடிஞ்சு கிடக்கு. நாரோயிலுக்கு வண்டி இல்ல. டி.வி.யில காட்டுதான், நீங்க பாத்தியளா?" என்றான். எங்கள் பக்கத்தில் தண்டவாளத்தைப் பாளம் என்றுதான் சொல்வோம். மலையாளமும் தமிழும் ஒரே அடுக்களையில் வேகிற ஊர் அது.

டி.வி.யைப் போட்டேன். பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று மூன்று இடங்களில் மண் சரிந்திருந்தது. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பல வண்டிகள் ரத்து. சில வண்டிகள் பாதி வழியிலேயே நிறுத்தப்பட்டன. நெய்யாற்றின்கரை அருகே மருதூரில் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு பகுதியும் இடிந்து விட்டது. ரயிலும் இல்லை, ரோடும் இல்லை. எல்லையின் இரு பக்கமும் உள்ள ஜனங்கள் அங்கங்கே அகப்பட்டுக் கொண்டார்கள்.

அந்தப் பாதையை நான் மறக்க முடியாது. 1979ல் திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதையில் வண்டி ஓடத் தொடங்கியபோது எனக்கு இருபது வயது. அதற்கு முன் பல ஆண்டுகள் மலையை வெட்டி மண் அள்ளுவதைச் சைக்கிளில் போய்ப் போய் வேடிக்கை பார்த்தவன் நான். செம்மண்ணும் வெட்டுக்கல்லும் கலந்த மேட்டை நேராக வெட்டி, அந்தப் பள்ளத்துக்குள் தண்டவாளம் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் சிவில் டிப்ளமா படித்தேன். 1981ல் ரயில்வேயில் சேர்ந்தேன். வேலை என்னவோ ஊர்ப் பக்கம் கிடைக்கவில்லை. பெரும்பகுதி காலம் இங்கே பம்பாயில், மத்திய ரயில்வேயில் போயிற்று. 2019ல் ஓய்வு பெற்றேன்.

அன்று இரவு இன்னொரு செய்தி வந்தது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் ஒரு நாள் கூடுதலாக நீண்ட ஐ.நா. பருவநிலை மாநாடு முடிந்து விட்டது. கடைசி நிமிடத்தில் நிலக்கரியைப் பற்றிய வாசகத்தில் இந்தியா ஒரு திருத்தம் கேட்டு வாங்கியது. 'படிப்படியாக ஒழிப்பது' என்றிருந்ததைப் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றினார்கள். அதே மாநாட்டில் நவம்பர் 1ஆம் தேதி நம் பிரதமர், 2070க்குள் நாட்டின் நிகர கரிம வெளியீட்டைப் பூஜ்யமாக்குவோம், 2030க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத மின்நிலையத் திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவோம் என்று அறிவித்திருந்தார்.

காலையில் பாறசாலை, இரவில் கிளாஸ்கோ. இரண்டுக்கும் நடுவில் பாராளுமன்றம் எங்கே என்பதுதான் அன்று எனக்குத் தோன்றிய கேள்வி. பிரதமர் வாக்குறுதி கொடுத்த நாளில் சபை கூடியிருக்கவில்லை. குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பர் 29ஆம் தேதிதான் தொடங்கியது. இன்னும் ஐம்பது வருடத்துக்கு நாட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு வாக்கு, நம் பிரதிநிதிகள் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே உலகத்துக்குச் சொல்லப்பட்டு விட்டது. வாக்குறுதி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நல்லதாகவே இருக்கட்டும். கல்யாணம் நிச்சயமான பிறகு வீட்டாரிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்போதுதான் 2021 டிசம்பர் 8ஆம் தேதி மக்களவையில் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு விவாதம் வந்தது. அதைத் தொடங்கி வைத்தவர் தூத்துக்குடி உறுப்பினர் திருமதி கனிமொழி அவர்கள். கடலும் உப்பளமும் அனல் மின்நிலையமும் உள்ள ஒரு தொகுதியின் உறுப்பினர் இதை எடுத்துப் பேசியது பொருத்தம்தான். விவாதம் நடந்தது 193ஆவது விதியின் கீழ். இந்த விதியைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் நோட்டீஸ் கொடுத்துச் சபாநாயகர் அனுமதித்தால் ஒரு பொருளைப் பற்றிக் குறுகிய கால விவாதம் நடத்தலாம். எல்லாக் கட்சியினரும் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார். ஆனால் தீர்மானம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. வாக்கெடுப்பு வேண்டுமானால் 184ஆவது விதி இருக்கிறது. அது அபூர்வமாகத்தான் கிடைக்கும். இவை தவிர பூஜ்ய நேரம், 377ஆவது விதி, கவன ஈர்ப்பு என்று சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. அவை ஊர் ஸ்டேஷனில் வண்டி நிற்க வேண்டும் என்று கேட்பதற்குப் போதும். உலக விஷயத்துக்குப் போதாது.

வாக்கெடுப்பு இல்லாத பேச்சால் என்ன பயன் என்று என் மகன் கேட்டான். நான் அவனுக்கு ரயில்வே கணக்கு ஒன்றைச் சொன்னேன்.

ஒரு சிறு பாலம் கட்டும்போது, ஐம்பது வருடத்துக்கு ஒரு முறை வரக்கூடிய பெருவெள்ளம் எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்த அளவு தண்ணீர் போவதற்கு வழி வைப்போம். மிக முக்கியமான பாலம் என்றால் நூறு வருடக் கணக்கு. இந்தக் கணக்கெல்லாம் பழைய மழைப் பதிவேட்டிலிருந்து வருவது. சென்ற காலம் எப்படியோ வருங்காலமும் அப்படி என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. மண்வெட்டுக்கும் அப்படித்தான். மேட்டின் உச்சியில் ஒரு மேல்வடிகால் வெட்டுவோம், மேலிருந்து வரும் தண்ணீர் சரிவில் இறங்காமல் பக்கவாட்டில் போவதற்காக. கீழே தண்டவாளத்தின் ஓரம் இன்னொரு வடிகால். மழைக்கு முன் இரண்டையும் சுத்தம் செய்து, ஆபத்தான இடங்களைப் பதிவேட்டில் எழுதி, இரவு ரோந்துக்கு ஆள் போடுவோம். கேங்மேன் கையில் விளக்கும் வெடியும் வைத்துக்கொண்டு கொட்டும் மழையில் நடப்பார். இவ்வளவும் செய்தாலும், அந்த வடிகாலின் அகலம் எந்த மழைக்கு என்று வெட்டப்பட்டதோ அந்த மழைக்குத்தான் அது தாங்கும்.

2005 ஜூலை 26 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை. அதே நாள் கொலாபாவில் 74 மில்லி மீட்டர்கூட முழுதாக இல்லை. குர்லாவுக்கும் சயனுக்கும் இடையே தண்டவாளமே கண்ணுக்குத் தெரியாமல் இடுப்பளவு தண்ணீரில் நானும் என் ஆட்களும் நின்றோம். மறுநாள் மாலைதான் வீட்டுக்கு வந்தேன். தாராவியில் இருந்த நம் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் எழுத வேண்டியதில்லை. அந்த மழையைத் தாங்கும் வடிகால் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

ஒரு மழையைக் காட்டி, இதுதான் பருவநிலை மாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். விஞ்ஞானிகளும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதும், அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் என்பதும் பள்ளிக்கூடப் பௌதிகம். அப்படியானால் ஐம்பது வருடக் கணக்கை நூறு வருடமாக்க வேண்டுமா, பழைய சரிவுகளையெல்லாம் சாய்வு குறைத்து வெட்ட வேண்டுமா, அதற்கு எத்தனை ஆயிரம் கோடி, யார் கொடுப்பது? செக்‌ஷன் இன்ஜினியர் முடிவு செய்யும் விஷயமா இது? டிவிஷன் அதிகாரி முடிவு செய்வதா? நாட்டின் பணப்பெட்டியைத் திறக்கும் சபைதான் பேச வேண்டும். பேசினால்தான் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அச்சில் ஏறும். அச்சில் ஏறியதைக் காட்டி அடுத்த வருடம் கேட்கலாம்.

ஒரு பழைய ஆளின் புலம்பலையும் இங்கே சேர்த்துக் கொள்கிறேன். 1924 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. அந்த நாட்களில் ரயில்வே விவாதம் என்றால் உறுப்பினர்கள் நள்ளிரவு வரை காத்திருந்து தங்கள் ஊர்க் குறையைச் சொல்வார்கள். 2016ல் கடைசி ரயில்வே பட்ஜெட். பிறகு பொது பட்ஜெட்டோடு சேர்த்து விட்டார்கள். காரணங்கள் இருக்கலாம். எங்களுக்கு அது வீட்டுத் திண்ணையை இடித்தது போல இருந்தது.

வெளிநாட்டு விவகாரத்தில் திண்ணையே கட்டப்படவில்லை. அயல்நாட்டோடு ஒப்பந்தம் செய்வது நம் அரசியல் சட்டப்படி மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்தில் அடங்கியது. நிறைவேற்றப் புதிய சட்டம் தேவை என்றால் மட்டும் 253ஆவது பிரிவின்படி பாராளுமன்றத்துக்கு வரும். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை 2016 அக்டோபர் 2ல் இந்தியா உறுதி செய்தது. ஒப்புதல் கொடுத்தது அமைச்சரவை. கிளாஸ்கோ வாக்குறுதிகளை ஒட்டிய இலக்குகளை 2022 ஆகஸ்ட் 3ல் ஏற்றதும் அமைச்சரவைதான். பிரிட்டனில் 2010ஆம் வருடச் சட்டப்படி ஒப்பந்தங்களை 21 அமர்வு நாட்கள் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அமெரிக்காவில் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். நம் நாட்டிலும் இதைக் கேட்டவர்கள் உண்டு. 1992ல் மாநிலங்களவையில் கேரள உறுப்பினர் எம்.ஏ. பேபி அவர்கள் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். நிறைவேறவில்லை.

தமிழர்களுக்கு இதன் ருசி 1974லேயே தெரியும். கச்சத்தீவு ஒப்பந்தம் ஜூன் 26, 28 தேதிகளில் கையெழுத்தாயிற்று. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அதைச் சொன்னது ஜூலை 23ல். சபையைக் கேட்காமல் எப்படிச் செய்தீர்கள் என்று இரா. செழியன் அவர்களும் மூக்கையாத் தேவர் அவர்களும் எழுந்து கேட்டார்கள். கேட்டது பதிவில் இருக்கிறது. தீவு போய் விட்டது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பாங்க் என்ற மீன்வளம் மிகுந்த கடற்பரப்பு இந்தியாவுக்கு என்று முடிவானது 1976 மார்ச் ஒப்பந்தத்தில். அப்போது எமர்ஜென்சி, அதையும் நம்மைக் கேட்டுச் செய்யவில்லை. இழந்ததும் கேளாமல், பெற்றதும் கேளாமல்.

எங்கள் ஊருக்கு இதைவிடப் பழைய கதை உண்டு. 1955 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு அறிக்கை மக்களவையில் விவாதிக்கப்பட்டது. நாகர்கோவில் உறுப்பினர் மார்ஷல் நேசமணி அவர்கள் தெற்கெல்லைக்காக வாதாடினார். 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காஞ்சிரங்குளமும் நின்றது. அப்பா அந்த நாட்களில் சாயாக்கடைக்குப் போய்ப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பாராம். "நமக்கு கெடைக்கல்ல மக்கா. ஆனா நம்ம பேர டெல்லியில சொன்னாவ" என்று பிற்காலத்தில் என்னிடம் சொல்வார். பிறகு வந்த நான் பள்ளியில் மலையாளமும், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் தமிழ் எழுத்தும் படித்தேன்.

இன்றைக்குக் காஞ்சிரங்குளம் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. 2009 முதல் அங்கே உறுப்பினர் திரு. சசி தரூர் அவர்கள். ஐ.நா. சபையில் துணைப் பொதுச் செயலாளர் பதவி வரை இருந்தவர். வெளிநாட்டு விவகாரத்தைச் சபையில் பேச வேண்டும் என்று ஓயாமல் கேட்பவர்களில் ஒருவர். 2014 முதல் 2019 வரை வெளியுறவு நிலைக்குழுவின் தலைவராக இருந்தார். 2024ல் மறுபடியும் அதே பொறுப்பு வந்தது. டோக்லாம் எல்லைத் தகராறு பற்றி 2018ல் அவர் தலைமையில் அறிக்கை வந்தது. ஆனால் நிலைக்குழு மூடிய அறையில் கூடுவது. அங்கே உறுப்பினர்கள் கட்சி வேஷத்தைக் கழற்றி வைத்துப் பேசுவார்கள் என்பது நல்லதுதான். மாமன் மகன் அதைக் கேட்க முடியாது.

2022 டிசம்பர் 9ல் தவாங் பகுதியில் சீனப் படையோடு மோதல். 13ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் அறிக்கை படித்தார். விளக்கம் கேட்க அனுமதி இல்லை; எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்தன. அப்போது தரூர் உட்படப் பலர் 1962ஐ நினைவூட்டினார்கள். சீனப் போர் நடந்து கொண்டிருக்கும்போதே, இளைஞராக இருந்த வாஜ்பாய் அவர்கள் கேட்டுக் கொண்டதை ஏற்று நேரு நவம்பர் 8ல் சபையைக் கூட்டினார். 165 உறுப்பினர்கள் பேசினார்கள். பலர் பிரதமரைக் கடுமையாகத் தாக்கினார்கள். அவர் உட்கார்ந்து கேட்டார்.

2025ல் ஒரு வேடிக்கை நடந்தது. பஹல்காம் படுகொலைக்கும் அதன் பின் மே 7ல் தொடங்கிய ராணுவ நடவடிக்கைக்கும் பிறகு ஏழு எம்.பி.க்கள் குழுக்கள் உலகம் சுற்றி நம் நிலையை விளக்கின. அமெரிக்கா, பிரேசில் பக்கம் போன குழுவுக்குத் தரூர் தலைவர். ரஷ்யா, ஸ்பெயின் பக்கம் போன குழுவுக்குக் கனிமொழி தலைவர். இரண்டு பேரும் நம் தெற்குக் கரை உறுப்பினர்கள் என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் சிறப்புக் கூட்டம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டும் கிடைக்கவில்லை. சபையில் விவாதம் தொடங்கியது ஜூலை 28ல்தான். அயல்நாட்டார் முதலில் கேட்டார்கள், வாக்களித்தவர்கள் பிறகு கேட்டோம். அந்த விவாதத்தில் கனிமொழி பேசினார். தரூர் பேசவில்லை. அவர் கட்சிப் பேச்சாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பேசத் தெரிந்தவரைப் பேசவிடாமல் செய்வது அரசாங்கம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

அதே மே மாதம் நான் ஊருக்குப் போயிருந்தேன். 25ஆம் தேதி கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கிளம்பிய கப்பல், 640 கொள்கலன்கள். சில நாட்களில் திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளிலும் கன்னியாகுமரிக் கரைகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. பார்ப்பதற்கு ஜவ்வரிசி மாதிரி இருக்கும். மாமன் மகன் மரச்சீனி பயிரிடுகிறவன். கடலுக்குப் போகிறவன் அல்ல. இருந்தும் பூவார் கரையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளிக் கொண்டு வந்து வைத்திருந்தான். "அத்தான், இத எந்த ஆபீசுல கொண்டு காட்டணும்? கப்பலு வேற நாடு, கம்பெனி வேற நாடு, கரை மட்டும் நம்மளுது" என்றான்.

கேரள அரசு ஐகோர்ட்டில் 9,531 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. கப்பல், கப்பல் விபத்து, கடல் மாசு எல்லாவற்றுக்குமான புதிய வணிகக் கப்பல் மசோதா ஆகஸ்ட் 6ல் மக்களவைக்கு வந்தது. நான் டி.வி. முன் உட்கார்ந்தேன். எல்சா கப்பலைப் பற்றி யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று ஆவல். பீகார் வாக்காளர் பட்டியல் பற்றி எதிர்க்கட்சிகள் கோஷம் போட, அந்தக் கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கில் மசோதா நிறைவேறி விட்டது. பீகார் பிரச்சினை சிறிது என்று சொல்லவில்லை. விவாதம் கொடுக்காத குற்றம் ஒரு பக்கம், கிடைத்த விவாதத்தைக் கைநழுவ விட்ட குற்றம் மறு பக்கம். ஹார்லிக்ஸ் பாட்டில் அங்கே அலமாரியில் இருக்கிறது.

நாம் இங்கே வாக்களிக்கிறோம், வீடு அங்கே இருக்கிறது. ஆகவே இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று ஊர்த் தொகுதி உறுப்பினருக்கு, ஒன்று இங்குள்ள உறுப்பினருக்கு. இரண்டிலும் ஒரே கேள்விகள்: பாறசாலை - இரணியல் இடையே உள்ள மண்வெட்டுகளின் வடிகால்கள் எந்த மழை அளவுக்குக் கணக்கிடப்பட்டவை, 2021க்குப் பிறகு அந்த அளவு மாற்றப்பட்டதா, அடுத்த பருவநிலை மாநாட்டுக்குப் போகும் முன் 193ஆவது விதியின் கீழ் ஒரு நாள் விவாதம் கேட்பீர்களா? பம்பாய் உறுப்பினருக்குக் குர்லா - சயன் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். பதில் வந்தால் இதே பக்கத்தில் எழுதுகிறேன். கடிதத்தின் மராத்தி, இந்திப் பிரதி என்னிடம் இருக்கிறது. ஞாயிறு மாலை சங்கத்துக்கு வருகிறவர்கள் வாங்கிக் கொள்ளலாம்.